எழுத்து, சொல், பொருள்: குவென்யா என்னும் புனைமொழியின் வரலாறு

மொழி மக்களால் ஆவது. தனியொருவரால் ஆவதன்று என்பது மொழிநூலார் பலர்க்கும் உடன்பாடான கருத்து. எனினும், தனியொருவர் தம் அறைக்குள் அமர்ந்து, இன்னின்ன ஒலிகள் உண்டு, இன்னின்ன ஒலிகள் இல்லை என வரையறுத்து, வேற்றுமை உருபுகளும் கால இடைநிலைகளும் அமைத்து, ஒரு மொழியையே இயற்றிய நிகழ்ச்சிகள் வரலாற்றில் உண்டு. அவற்றுள் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த குவென்யா தனித்து ஆராயத்தக்கது. 'ஹாபிட்' (1937), 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) ஆகிய புனைகதைகளின் ஆசிரியராக உலகறிந்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973), தம் கற்பனை உலகில் வாழும் 'எல்ஃப்' என்னும் மூப்பறியா இனத்தார்க்கு ஆக்கிய மொழி அது.

பாண்டி நாட்டில் பன்னீராண்டு வற்கடம் தீர்ந்தபின் அரசன் புலவரைத் தேடச் செய்தான் என்றும், எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர், பொருள் வல்லார் கிடைத்திலர் என்றும், அதுகேட்ட அரசன், பொருள் இல்லையேல் மற்றவை கிடைத்தும் பயனில்லை எனக் கவன்றான் என்றும் இறையனார் களவியலுரை கூறும். பொருள் என்பது ஈண்டு அகராதி தரும் சொற்பொருளன்று. ஒரு மொழியில் வாழ்ந்தவர்களின் அகவாழ்வும் புறவாழ்வும் ஆகும். எழுத்தையும் சொல்லையும் தாமே வகுத்துக்கொண்ட டோல்கீனும் ஒரு கட்டத்தில் அப்பாண்டியன் நின்ற இடத்திலேயே வந்து நின்றார். அவர் அதனை எவ்வாறு கடந்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள். தொல்காப்பியம் தந்த மூன்று தலைப்புகளும் இவ்வாராய்ச்சிக்கு இயல்பாகவே பொருந்துகின்றன.

முன்னோர் முயற்சிகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் செருமனியின் பிங்கன் நகரைச் சார்ந்த துறவி ஹில்டகார்ட் 'அறியப்படாத மொழி' என்ற பெயரால் ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட சொற்களைத் தொகுத்து வைத்தார். இறைவனில் தொடங்கிப் பூச்சியினங்கள் வரை படைப்பு முழுவதையும் வரிசைப்படுத்தும் பெயர்ச்சொற்பட்டியல் அது. அதற்கெனத் தனி இலக்கணம் இல்லை. இலத்தீன் தொடருக்குள் புதுச்சொல்லை இட்டு வழங்குவதே அவர் கைக்கொண்ட முறை.

1668இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ், உலகப் பொருள்கள் யாவற்றையும் நாற்பது பேரினங்களாகப் பகுத்து, சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் அப்பொருளின் இனத்தையும் வகையையும் சுட்டுமாறு ஒரு மெய்யியல் மொழியை வகுத்தார். 1879இல் செருமானியப் பாதிரியார் ஷ்லேயர் 'வோலபுக்' மொழியையும், 1887இல் வார்சாவில் கண் மருத்துவர் ஸமென்ஹோஃப் பதினாறு விதிகளில் அடங்கும் 'எஸ்பெராண்டோ' மொழியையும் வெளியிட்டனர். பக்தி, அறிவு, உலக ஒற்றுமை என நோக்கங்கள் வேறுபட்டாலும், இவர்கள் மொழியை ஒரு கருவியாகக் கண்டவர்களே.

டோல்கீன் இவ்வரிசையில் சேராதவர். அவர் மொழியால் எப்பயனும் கருதவில்லை. ஒலி செவிக்குத் தரும் இன்பமும், அவ்வொலிக்குப் பொருள் பொருந்தும்போது மனம் அடையும் நிறைவுமே அவர் வேண்டியவை. 1931இல் ஆக்சுபோர்டில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இவ்வாசையைத் தம்முடைய மறைவான தீயபழக்கம் என்று அவரே நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். படைப்பயிற்சி வகுப்பொன்றில் சோர்ந்து அமர்ந்திருந்த வேளையில், பக்கத்திலிருந்த எளிய வீரன் ஒருவன், இரண்டாம் வேற்றுமையை முன்னொட்டால் உணர்த்திவிடலாம் எனத் தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டதாக அதே சொற்பொழிவில் அவர் நினைவுகூர்ந்தார். அவ்வீரனின் மொழி என்ன ஆயிற்று என்பது எவர்க்கும் தெரியாது. தனியொருவர் ஆக்கிய மொழிகள் பலவற்றின் முடிவு அதுவேயாகும்.

மொழிக்கல்வி

தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைனில் பிறந்த டோல்கீன் 1896இல் தந்தையையும், 1904இல் தமது பன்னிரண்டாம் அகவையில் தாயையும் இழந்தார். இலத்தீன் மொழியை அவருக்கு முதலில் கற்பித்தவர் தாயே. இளமையில், உறவினரான சிறுமியர் விலங்கு, பறவைப் பெயர்களைக் கொண்டு பேசிய விளையாட்டு மொழியைக் கற்றார். பின்னர் அவருள் ஒருவரோடு சேர்ந்து ஆங்கில, பிரெஞ்சு, இலத்தீன் சொற்களைத் திரித்து 'நெவ்போஷ்' என்ற மொழியை அமைத்தார். அதில் சொற்கள் புதியன. ஒலிகள் ஆங்கிலத்தின் பழைய ஒலிகளே.

பர்மிங்காம் நகரில் நிலக்கரி ஏற்றிவந்த இருப்புப்பாதை வண்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் மொழிப் பெயர்கள் சிறுவனின் கண்ணை ஈர்த்தன. பள்ளி நாளில் ஜோசப் ரைட் எழுதிய கோத்திக் மொழி நூல் கைக்கு வந்தது. பதினைந்தாம் அகவை வரை எழுத்தறியாத ஆலைத் தொழிலாளியாயிருந்து, தாமே கற்று ஆக்சுபோர்டுப் பேராசிரியராக உயர்ந்தவர் ரைட். டோல்கீன் பின்னர் அவரிடமே பாடம் கேட்டார். 1911இல் ஆக்சுபோர்டின் எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்தபின், அதன் நூலகத்தில் எலியட் எழுதிய பின்னிய மொழி இலக்கணம் கிடைத்தது. அதுவரை சுவைத்தறியாத மது வகை நிறைந்த நிலவறையைக் கண்டதுபோல் இருந்தது என அந்நாளைப் பிற்காலக் கடிதமொன்றில் எழுதினார். 1915இல் 'குவென்யா' மொழியின் முதல் சொற்கோவையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை இருபத்துமூன்று.

எழுத்து

குவென்யாவின் உயிர்கள் ஐந்து. ஒவ்வொன்றும் குறிலாகவும் நெடிலாகவும் வரும். கூட்டுயிர்கள் ஆறு. சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் பெரும்பாலும் வாராது. இறுதியில் நிற்கக்கூடிய மெய்கள் ன், த், ஸ், ல், ர் ஆகிய ஐந்தே எனலாம். பின்னிய மொழியின் இயற்சொற்களும் பெரும்பாலும் இவ்வைந்து மெய்களிலேயே முடிவன. இலத்தீன் மொழியைப் போல ஈற்றயல் அசையின் நீட்சியே அழுத்தம் விழும் இடத்தை முடிவு செய்யும்.

ககர, தகர, பகரங்களின் ஒலிப்புடை வடிவங்கள், அதாவது 'தங்கம்', 'பந்து', 'கம்பு' ஆகிய சொற்களின் இடையில் நாம் கேட்கும் அதிர்வொலிகள், குவென்யாவில் தனித்து வாரா. மூக்கொலியையோ, சில இடங்களில் லகர ரகரங்களையோ அடுத்தே வரும். இதனைப் படிக்கும் தமிழாசிரியர் வியப்புறுதல் இயல்பு. தமிழிலும் சொல்லின் முதலில் வல்லினம் அதிர்வின்றி ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்து அதிர்வு பெறும். சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் தமிழுக்கும் ஆகாது. சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்களைத் தொல்காப்பியர் பதினொன்றாக வரையறுத்தார். அவற்றுள் வல்லினம் ஒன்றும் இல்லை.

இவ்வொப்புமையைக் கொண்டு உறவு பேசுதல் தவறாகும். டோல்கீனின் முன்மாதிரி பின்னிய மொழியே, தமிழன்று. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் 'சித்திய' இனம் எனத் தாம் குறித்த பெருங்குழுவோடு ஒப்பிட்டபோது, பின்னிய மொழியையும் அக்குழுவிலேயே வைத்தார். அவ்வின உறவைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆயினும், அமைப்பில் இருக்கும் ஒற்றுமை அன்றே கண்ணுக்குப்பட்டது என்பதற்கு அது சான்று. பின்னிய மொழியின் வழியாகக் குவென்யாவிலும் அவ்வொற்றுமையின் சாயல் தெரிகிறது என்பதற்கு மேல் கூற இடமில்லை.

'தெங்வார்' எனப்படும் இதன் வரிவடிவமும் கருதத்தக்கது. முதன்மை எழுத்துகள் இருபத்துநான்கு. பல், இதழ், கடையண்ணம், இதழோடு கூடிய கடையண்ணம் எனப் பிறப்பிடம் நோக்கி அவை நான்கு வரிசைகளாக நிற்கும். வளைவை இரட்டித்தால் அதிர்வொலி. கோலை மேலே உயர்த்தினால் உரசொலி. எனவே எழுத்தின் வடிவத்தைக் கண்டே அது வாயில் பிறக்கும் முறையை ஓரளவு சொல்லிவிடலாம். உயிர்கள் பெரும்பாலும் மெய்யின்மேல் இடும் புள்ளிகளாலும் கீற்றுகளாலும் குறிக்கப்பெறும். பிறப்பிடம் நோக்கி எழுத்துகளை அடுக்குதல் பிறப்பியல் கற்ற நமக்குப் புதிதன்று. எழுத்தின் உருவமே பிறப்பைக் காட்டுமாறு செய்தது ஈண்டுள்ள சிறப்பு.

சொல்

குவென்யா ஒட்டுநிலை மொழி. 'கிர்யா' என்பது கப்பல். 'கிர்யன்னா' கப்பலை நோக்கி, 'கிர்யல்லோ' கப்பலிலிருந்து, 'கிர்யஸ்ஸே' கப்பலில், 'கிர்யனென்' கப்பலால். உருபு பெயரின் இறுதியில் ஒட்டும் இம்முறை நமக்குப் பழக்கமானதே. ஆனால் பன்மையில் வேறுபாடு தோன்றுகிறது. 'கப்பல்களில்' என நாம் பன்மை விகுதியை முன்னும் உருபைப் பின்னும் வைப்போம். குவென்யாவில் 'கிர்யஸ்ஸென்' என உருபின்மேல் பன்மைக்குறி ஏறும்.

எண் நான்கு வகைப்படும்: 'கிர்யா' ஒரு கப்பல், 'கிர்யத்' இணையான இரு கப்பல்கள், 'கிர்யர்' கப்பல்கள், 'கிர்யலி' கப்பல்களில் ஒரு தொகுதி. 'எல்டா' என்ற இனப்பெயர் பன்மையில் 'எல்டர்' ஆவது தமிழ்ச் செவிக்கு இனிமையாகவே இருக்கும். அது தற்செயலான ஒற்றுமை என்க.

வினையில் பின்னிய மொழியின் கடன் வெளிப்படையாகத் தெரிகிறது. பின்னிய மொழியில் 'துலென்' என்றால் 'வருகிறேன்'. குவென்யாவிலும் வருதலைக் குறிக்கும் வினைப்பகுதி 'துல்' என்பதே. 'துலுவன்' என்றால் 'வருவேன்'. 'துல்' பகுதி, 'உவ' எதிர்காலம் காட்டும் இடைநிலை, 'ன்' தன்மை ஒருமை விகுதி. பகுதி, இடைநிலை, விகுதி எனப் பதம் பிரிக்கும் முறையை ஒன்பதாம் வகுப்பு மாணவரே இங்குச் செய்து காட்டிவிடலாம். முற்றுப்பெற்ற காலத்திற்கோ வேறு வழி: பகுதியின் உயிரை முன்னே ஒட்டி, உள்ளிருக்கும் உயிரை நீட்டி, 'உதூலியே', 'வந்துள்ளது' என்பர். முன்னிலையில் நெருக்கத்திற்கு ஒரு விகுதியும் மதிப்பிற்கு வேறொரு விகுதியும் பிற்காலக் குறிப்புகளில் அமைந்துள்ளன.

இவ்வளவில் நின்றிருந்தால் குவென்யா ஓர் அழகிய இலக்கணப் பயிற்சியாக மட்டும் முடிந்திருக்கும். டோல்கீன் நிற்கவில்லை.

ஒரு தாய், இரு மொழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒப்பிலக்கணம் கண்டறிந்த பேருண்மை, ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை, விதிக்கு உட்பட்டே மாறுகின்றன என்பது. அப்பள்ளியில் பயின்ற டோல்கீனுக்கு, இன்றைய வடிவம் மட்டும் உடைய ஒரு மொழி வேரற்ற மரமாகவே தோன்றியது. எனவே குவென்யாவுக்கு ஒரு மூலமொழியை வகுத்து, அதிலிருந்து முறையான விதிகளின்படி குவென்யாவை வருவித்தார். அதே மூலத்திலிருந்து வேறு விதிகளின்படி மற்றொரு மொழியையும் வருவித்தார். முதலில் வேறு பெயர்கள் பெற்றிருந்த அவ்விரண்டாம் மொழியே பின்னாளில் 'சிந்தரின்' ஆயிற்று. அதன் ஒலிகள் வெல்ஷ் மொழியைத் தழுவியவை.

அன்னப்பறவை குவென்யாவில் 'அல்க்வா', சிந்தரினில் 'அல்ஃப்'. ஒன்றில் 'க்வ' நிற்கும் இடத்தில் மற்றதில் இதழொலி நிற்கிறது. மெய்யான உலகில், மகனைக் குறிக்கும் சொல் ஐரிஷ் மொழியில் 'மக்' எனவும் பழைய வெல்ஷில் 'மப்' எனவும் வழங்கியதற்குக் காரணமான அதே விதி இது. மனிதனைக் குறிக்கும் சொல்லில் குவென்யாவின் அதிர்வில்லாத் தகரம், சிந்தரினில் இரண்டு உயிர்களுக்கிடையே அதிர்வொலியாகிறது. இரு வடிவங்களையும் தமிழ் எழுத்தில் 'அதன்' என்று ஒன்றாகவே எழுத நேரும். ஏனெனில் இதே நெகிழ்ச்சி நம் நாவிலும் என்றோ நிகழ்ந்து, எழுத்தில் பதியாமல் ஒலியில் நின்றுவிட்டது.

சிந்தரினின் பன்மை இன்னும் நுட்பமானது. குன்று 'அமோன்', குன்றுகள் 'எமின்'. விகுதி எதுவும் இல்லை. உள்ளிருக்கும் உயிர்களே மாறியுள்ளன. காரணம் இது: மூலமொழியில் பன்மைக்கு இகர ஈறு இருந்தது. அவ்விகரம் தனக்கு முன்னிருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்துத் திரித்தது. பின்னர் ஈறு கெட்டு மறைந்தது. திரிபு மட்டும் எஞ்சியது. இந்த இகரம் எந்த மனிதர் வாயிலும் எந்நாளும் ஒலித்ததன்று. மறைவதற்கென்றே அது படைக்கப்பட்டது. தான் பெற்றிராத ஒன்றை இழந்து நிற்கும் மொழி என்று சிந்தரினைக் கூறலாம்.

டோல்கீனின் புதுமை இவ்விடத்தில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எஸ்பெராண்டோவின் பெருமை விதிவிலக்கு இன்மை. டோல்கீனோ விதிவிலக்குகளை விரும்பி வைத்தார். ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் ஒரு பழைய விதியை வைத்தார். இயற்கை மொழியின் ஒழுங்கின்மைகள் யாவும் அதன் முன்னை வாழ்வின் தழும்புகள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பொருள்

ஒலிமாற்றம் நிகழக் காலம் வேண்டும். ஒரே மொழி இரண்டாகப் பிரிய மக்கள் பிரிய வேண்டும். மக்கள் பிரியக் காரணம் வேண்டும். இலக்கணம் இவ்வாறு கதையைக் கேட்டு நின்றது. அக்கதைகள் எழுதப்பட்ட சூழலும் எளியதன்று. 1916இல் சொம் போர்க்களத்தில் பணியாற்றிய டோல்கீன், அகழிக் காய்ச்சலால் அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார். பள்ளிக்கால இலக்கிய நண்பர் நால்வருள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். நோய்ப்படுக்கையிலும் ஓய்விலும் அவர் எழுதத் தொடங்கிய முதற்கதை, மறைந்திருந்த நகரொன்றின் வீழ்ச்சியைப் பற்றியது. மொழிகளுக்கு ஓர் உலகைத் தரவே கதைகள் எழுந்தன, கதைகளுக்காக மொழிகள் எழவில்லை என்று 1955இல் தம் அமெரிக்கப் பதிப்பாளர்க்கு அவர் விளக்கினார்.

கதை எழுந்ததும், அது வளர ஓர் அவையும் வேண்டியிருந்தது. ஆக்சுபோர்டில் சி. எஸ். லூயிசின் அறையில் கூடிய 'இங்க்லிங்ஸ்' என்னும் சிறு இலக்கிய வட்டத்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத எழுத வாசிக்கப்பெற்றது. லூயிசின் ஊக்கம் இல்லையேல் அந்நூலை முடித்திருக்க மாட்டேன் எனப் பின்னாளில் டோல்கீன் நன்றியுடன் குறித்தார். பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் இச்செய்தியை நினைவுகூர்தல் தகும்.

இலக்கணச் சிக்கல் எவ்வாறு வரலாறாக விளைந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெல்ஷ் சாயல் கொண்ட மொழி நெடுங்காலம் 'நோல்டோர்' என்னும் கிளையினரின் மொழியாகவே அவர் குறிப்புகளில் இருந்தது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை, கடல் கடவாது நடு உலகிலேயே தங்கிவிட்ட வேறொரு கிளையினரின் மொழியாக மாற்றினார். ஒலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை, உரிமை மாறியது. உடனே வினா எழுந்தது: குவென்யா பேசிய நோல்டோர் தம் மொழியை விட்டுப் பிறர் மொழியை ஏன் பேசினர்? விடையாக ஒரு தடைச்சட்டம் தோன்றியது. நோல்டோர் கப்பல்களைக் கவர்வதற்காகத் தம் உறவினத்தாரைக் கொன்றவர்கள். இறந்தவர்களின் உறவினனாகிய அரசன் திங்கோல் அதனை அறிந்ததும், கொலைஞரின் மொழி தன் நாட்டில் ஒலிக்கலாகாது என ஆணையிட்டான். அதன்பின் குவென்யா வீட்டுமொழியாக இல்லாமல், சடங்குக்கும் கல்விக்கும் உரிய ஏட்டு மொழியாயிற்று. குவென்யாவை எல்ஃப் இனத்தாரின் இலத்தீன் என டோல்கீன் குறித்ததன் பின்னணி இது. ஒரு வகைப்பாட்டுத் திருத்தம் குற்றமாகவும் தண்டனையாகவும் மொழியிழப்பாகவும் விரிந்தது.

மற்றொன்று, ஒரேயோர் ஒலியைப் பற்றியது. குவென்யாவில் முன்பு, ஆங்கிலத்தில் மூன்று என்னும் எண்ணுப்பெயரின் முதலில் ஒலிக்கும் பல்லுரசொலி இருந்தது. நோல்டோர் வழக்கில் அது ஸகரமாக மாறிற்று. எம்மொழியிலும் நிகழக்கூடிய எளிய மாற்றமே. 1968இல் எழுதி, அவர் மறைந்தபின் 1996இல் வெளியான கட்டுரையில் டோல்கீன் இம்மாற்றத்துக்கு ஒரு கதை தந்தார். ஃபெயனோர் என்பவனின் தாய் மீரியல், பூத்தையலில் வல்லவள். அக்கலையால் அவள் பெற்ற சிறப்புப் பெயர் அந்த உரசொலியில் தொடங்குவது. ஊரார் ஒலி மாறியபோது, தன் பெயரைப் பழைய ஒலியோடே அழைக்க வேண்டும் என அவள் விரும்பினாள். மகனைப் பெற்றபின் உயிர் தளர்ந்து மறைந்தாள். தந்தை மறுமணம் புரிந்தான். புதிய அரசி பிறந்த கிளையில் பழைய ஒலியே வழங்கிற்று. எனினும் கணவனின் மக்களோடு ஒன்ற எண்ணி அவள் ஸகரத்தை மேற்கொண்டாள். ஃபெயனோருக்கு அந்த ஸகரம் ஒவ்வொரு முறையும் தாய்க்கு இழைத்த அவமதிப்பாகக் கேட்டது. எந்த ஒலியைச் சொல்கிறாய் என்பது, எவர் பக்கம் நிற்கிறாய் என்பதாயிற்று. 'தெங்வார்' எழுத்துகளை வகுத்தவனாகக் கதை கூறுவதும் இந்த ஃபெயனோரையே. பிற்காலப் பேரழிவுகளுக்கெல்லாம் வித்தான குடும்பப் பிளவில் ஓர் ஒலிமாற்ற விதியும் இடம்பெற்றுவிட்டது.

இதனை ஆசிரியரின் இளமைத் துயரோடு முடிச்சிட்டு முடிவு கூறுதல் ஆய்வுநெறிக்கு ஏற்றதன்று. ஆனால் ஒலி உயிர்ப்பிரச்சினையாதல் கற்பனை அன்று. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், 'ஷிபொலெத்' என்னும் சொல்லை ஸகரமாக ஒலித்தவர்கள் ஆற்றுத்துறையில் கொல்லப்பட்டனர். டோல்கீன் தம் கட்டுரைத் தலைப்பில் அச்சொல்லையே ஆண்டார். 1983இல் இலங்கையில், வழிமறித்தோர் சிங்களச் சொல்லை ஒலிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்ட கொடுமையை உயிர் தப்பியோர் கூறக் கேட்டிருக்கிறோம். பிறப்பியல் நூற்பாவை வகுப்பில் நடத்துகையில் அது வாயுறுப்புகளின் இயக்கமாக மட்டுமே தோன்றும். அவ்வியக்கத்தின்மேல் ஒருவரின் பெயரும் ஊரும் உயிரும் நிற்கும் நாளும் உண்டு.

பின்வந்தோர்

டோல்கீனுக்குப்பின் புனைமொழி ஆக்கம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1984இல் வெளிவந்த விண்வெளித் திரைப்படத்துக்காக மார்க் ஓக்ரண்ட் 'கிளிங்கன்' மொழியை விரித்தார். செயப்படுபொருள், பயனிலை, எழுவாய் என்ற அரிய வரிசையை அதற்கு வேண்டுமென்றே அமைத்தார். 'அவதார்' (2009) படத்துக்குப் பால் ஃப்ரோமர் 'நாவி' மொழியையும், 2011இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு டேவிட் பீட்டர்சன் 'தொத்ராகி' மொழியையும் அமைத்தனர். 'பாகுபலி' (2015) படத்தின் காலகேயர்க்கு மதன் கார்க்கி ஆக்கிய 'கிளிக்கி' நாம் அறிந்தது. இவை யாவற்றிலும் கதை முன்னே இருந்து மொழியைக் கேட்டது. டோல்கீனிடம் மொழி முன்னே இருந்து கதையைக் கேட்டது. முறை தலைகீழானாலும், பொருளோடு சேராத மொழி நில்லாது என்பதில் வேறுபாடு இல்லை.

மதிப்பீடு

எஸ்பெராண்டோ முதலியவற்றுக்குக் கதைகள் இல்லாமையால் அவை இறந்த மொழிகளே என 1956ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் டோல்கீன் எழுதினார். இக்கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. எஸ்பெராண்டோவில் கவிதைகள் எழுந்தன. அதனைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் இருக்கின்றனர். நாஜிகள் அதன் இயக்கத்தை ஒடுக்கினர்; ஸமென்ஹோஃப்பின் மூன்று பிள்ளைகளும் அவர்கள் ஆட்சியில் கொல்லப்பட்டனர். புனைந்த தொன்மம் இல்லாத மொழிக்கு மெய்யான வரலாறு வந்து சேர்ந்தது. குவென்யாவுக்கோ விரிந்த தொன்மம் உண்டு; பேசும் குடும்பம் இல்லை. எனவே பொருள் இரு வழிகளில் வரக்கூடும்: மக்கள் வாழ்ந்து தருவது ஒன்று, கவிஞன் கண்டு தருவது மற்றொன்று. டோல்கீனின் கருத்தில் மெய்யானது, பொருள் வேண்டும் என்பது. பிழையானது, அது தம் வழியில் மட்டுமே வரும் என்பது.

குவென்யாவின் இலக்கணம் முடிவுபெற்ற நூலாக எந்நாளும் வெளிவரவில்லை. 1915 முதல் 1973இல் மறையும் வரை அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு பத்தாண்டின் விகுதி அடுத்த பத்தாண்டில் வேறாகும். 'சில்மரில்லியன்' 1977இல் மகன் கிறிஸ்டபரின் பதிப்பாக வந்தது. மொழிக்குறிப்புகள் ஆய்விதழ்களில் சிறிது சிறிதாக வெளிவந்தன. இன்று அம்மொழியில் எழுத விரும்புவோர், வெவ்வேறு காலத்துக் குறிப்புகளை ஒப்பிட்டு, விடுபட்டதை ஊகித்து நிரப்பியே எழுதுகின்றனர். பாடவேறுபாடு கண்டு பதிப்பிக்கும் நம் பதிப்பாசிரியர் பணிக்கும் அதற்கும் அதிக தொலைவில்லை. ஆக்கியோன் ஒருவனே இருந்தும் அவன் மொழி பல படிகளாய்க் கிடக்கிறது.

தமிழ் கற்பிப்போர் இவ்வரலாற்றில் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவர் நாவில் ழகரம் ளகரமாகும்போதும், ரகர றகர வேறுபாடு மறையும்போதும் நாம் அதனைக் குற்றமாக மட்டுமே குறிக்கிறோம். திருத்துவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மொழி உயிருள்ளது எனப் பிறர் நம்புவதற்காக ஒருவர் இல்லாத மாற்றங்களையும் இல்லாத இழப்புகளையும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்துப் படைக்க வேண்டியிருந்தது. நமக்கோ ஈராயிரம் ஆண்டுகளின் மாற்றங்கள் கல்வெட்டிலும் ஏட்டிலும் வட்டார வழக்கிலும் உழைப்பின்றியே கிடைத்துள்ளன. அவற்றைப் பிழைப்பட்டியலாக மட்டுமன்றி வாழ்வின் பதிவாகவும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். எழுத்தும் சொல்லும் ஒருவரே வகுத்துவிடக்கூடும் என்பதைக் குவென்யா மெய்ப்பித்தது. பொருளைத் தேடியபோது, அதனை ஆக்கியவரும் ஒரு முழு இனத்தையே கற்பனையில் பெற்றெடுக்க வேண்டியதாயிற்று.